வராதவர் பெயரை என்ன செய்வது? செட்டிநாட்டுக் குடும்ப மருத்துவர்களுக்கு நான்கு வழிகளின் ஒப்பீடு

காரைக்குடியிலும் தேவகோட்டையிலும், பள்ளத்தூர், கானாடுகாத்தான், புதுவயல் போன்ற சுற்றுவட்டார ஊர்களிலும் இரண்டு தலைமுறையாக நடந்துவரும் கிளினிக்குகள் பல, நோயாளி அட்டைகளை அடுக்கிய அலமாரியிலிருந்து கணினிக்கு மாறிக்கொண்டிருக்கின்றன. எந்த மென்பொருளை வாங்குவது என்பது ஒரு வாரத்தில் முடிவாகிவிடுகிறது. அலமாரியில் இருக்கும் அட்டைகளில் எவற்றை ஏற்றுவது, எவற்றை விட்டுவிடுவது என்பதில்தான் மாதக்கணக்கில் வேலை நின்றுபோகிறது. அப்பாவின் கிளினிக்கை எடுத்து நடத்த வந்த இளைய மருத்துவர்களும் வரவேற்பு மேசையைக் கவனிப்பவர்களும் கேட்டு எழுதுவது ஒரே கேள்வியைத்தான்: பல ஆண்டுகளாக வராதவரின் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாமா?

இதற்கு நான்கு வழிகள் உண்டு. எல்லாப் பெயர்களையும் அப்படியே விட்டுவிடலாம். இத்தனை ஆண்டு வராதவர் என்று ஒரு காலக்கெடு வைத்து நீக்கலாம். சம்பந்தப்பட்டவரைக் கேட்டுவிட்டு நீக்கலாம். நீக்காமல் தனிப் பட்டியல் ஒன்றுக்கு மாற்றி வைக்கலாம். நான்கையும் ஒரே அளவுகோல்களால் அளந்து பார்ப்பதற்கு முன்னால், இந்தக் கேள்வி நீண்ட காலமாக அலசப்பட்டுவரும் ஒரு நாட்டின் ஏற்பாட்டைத் தெரிந்துகொள்வது நல்லது. அதை அப்படியே இங்கே இறக்கிக்கொள்ள முடியாது என்பதற்காகவே.

இங்கிலாந்தின் பட்டியலும் நம் அலமாரியும்

இங்கிலாந்தில் 1911ஆம் ஆண்டின் தேசியக் காப்பீட்டுச் சட்டத்தின் வழியாகத் தொழிலாளர்கள் ஒரு மருத்துவரின் பட்டியலில் பெயரைப் பதிந்துகொள்ளும் முறை வந்தது; 1948இல் தேசிய சுகாதார சேவை தொடங்கியபோது அது மக்கள் அனைவருக்கும் உரியதாயிற்று. அங்கே குடும்ப மருத்துவமனைக்கு வரும் பணத்தின் பெரும்பகுதி, பட்டியலில் உள்ள தலைக்கணக்கைப் பொறுத்தது. 2004ஆம் ஆண்டின் ஒப்பந்தத்திலிருந்து வயது, பாலினம், நோய்ச்சுமை முதலியவற்றைக் கொண்டு அந்தத் தலைக்கணக்கைக் கூட்டிக் குறைத்துக் கணக்கிடுகிறார்கள். ஆள் வந்தாலும் வராவிட்டாலும் பெயர் இருந்தால் பணம் உண்டு என்பதால், ஊர் மாறியவர்களும் நாட்டை விட்டுப் போனவர்களும் பட்டியலில் தங்கிவிட்டால் அரசுக்கு அது வீண் செலவு. இங்கிலாந்தின் பட்டியல்களில் உள்ள பெயர்களை எல்லாம் கூட்டினால் அந்நாட்டின் மக்கள்தொகை மதிப்பீட்டைவிடப் பல லட்சம் அதிகமாக வருகிறது. அந்த உபரியைப் ‘பேய் நோயாளிகள்’ என்று அங்குள்ள செய்தித்தாள்கள் எழுதுகின்றன.

நம் ஊரில் நிலைமை இரண்டு விதத்தில் வேறு. முதலாவது, இங்கே பெயருக்குப் பணமில்லை. வந்து பார்த்தால்தான் கட்டணம். ஆகவே பெயரை நீக்கும்படி நெருக்குகிறவர் எவரும் இல்லை. பெயரை ஒளித்துவைத்து ஆதாயம் பார்ப்பவரும் இல்லை. இரண்டாவது வேறுபாடு இன்னும் முக்கியமானது. இங்கிலாந்தில் ஒருவரின் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்தாலும் அவருடைய மருத்துவ ஏடு அழிவதில்லை. பத்து இலக்கத் தேசிய எண்ணோடு பிணைந்த அந்த ஏடு, அவர் அடுத்து எந்த மருத்துவரிடம் பதிகிறாரோ அவரிடம் போய்ச் சேர்ந்துவிடும். நம் அலமாரியிலோ பெயர் எழுதிய அட்டையும் மருத்துவக் குறிப்பும் ஒன்றுதான். பட்டியலைச் சுத்தம் செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டு ஒருவரின் முப்பது ஆண்டு மருத்துவ வரலாற்றைப் பழைய பேப்பர் கடைக்கு அனுப்பிவிடும் ஆபத்து அங்கே இல்லை, இங்கே இருக்கிறது.

செட்டிநாட்டுக்கு வேறொரு மனப்பழக்கமும் உண்டு. நகரத்தார் ஊர்களில், திருமணமானவரைத் தனிக் குடும்பமாக எண்ணும் கோயில் புள்ளிக் கணக்கில், சென்னையில் இருந்தாலும் சிகாகோவில் இருந்தாலும் திருமணமான ஆண் தன் கோயிலுக்கும் ஊருக்கும் ஒரு புள்ளிதான். கண்ணில் படவில்லை என்பதற்காக அவர் பெயரை யாரும் அடிப்பதில்லை. கிளினிக் அட்டையையும் இங்குள்ளவர்கள் ஏறக்குறைய அப்படியே பார்க்கிறார்கள். ஆனால் புள்ளிக் கணக்கில் புதுமணமும் இறப்பும் அவ்வப்போது சரிசெய்யப்படும். அட்டை அலமாரிக்கு அப்படிக் கணக்கெடுப்பவர் எவருமில்லை.

முதலில் ஒதுக்க வேண்டிய இரண்டு வகை

எந்த வழியைத் தேர்ந்தாலும், இறந்தவர்களின் அட்டைகளையும் ஒருவருக்கே இரண்டு மூன்றாக உள்ள அட்டைகளையும் முதலில் பிரித்துவிட வேண்டும். இவை வராதவர் கணக்கில் சேர்வன அல்ல.

இறந்தவரை அறிவது கேட்க எளிது. 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி இறப்பை 21 நாட்களுக்குள் பதிய வேண்டும். ஆனால் பதிவு நடப்பது இறப்பு நேர்ந்த இடத்தில். பள்ளத்தூர்க்காரர் சென்னை மருத்துவமனை ஒன்றில் காலமானால் அது சென்னையில் பதிவாகும். பள்ளத்தூர்ப் பேரூராட்சி ஏட்டில் தேடிப் பயனில்லை. இங்கிலாந்தில் இறப்புப் பதிவு நேரே சுகாதார சேவையின் மையப் பதிவேட்டுக்குப் போய்விடுவதால் மருத்துவருக்குத் தெரிந்துவிடும். இங்கே உறவினர் சொன்னால்தான் உண்டு.

இரட்டை அட்டைகளில் ஒரு கண்ணி இருக்கிறது. நகரத்தார் குடும்பங்களில் தாத்தாவின் பெயரைப் பேரனுக்கு இடுவது வழக்கம். பழனியப்பனின் மகன் சிதம்பரம், அவர் மகன் பழனியப்பன் என்று மாறி மாறி வரும்போது தாத்தாவும் பேரனும் ‘சி. பழனியப்பன்’ ஆகிவிடுகிறார்கள், பெயருக்கு முன் வரும் விலாச எழுத்துகளும் வீட்டு முகவரியும் ஒன்றாகவே இருக்கும். மென்பொருள் இரண்டையும் ஒரே ஆள் என்று காட்டி இணைக்கவா என்று கேட்கும். பிறந்த ஆண்டைப் பார்க்காமல் சரி என்று அழுத்தினால், தாத்தாவின் இதய மருந்து நாற்பது வயதுப் பேரனின் பெயரில் ஏறிவிடும். தாத்தா காலமான செய்தி வந்து அட்டையை மூடினால், உயிரோடிருக்கும் பேரனின் பெயர் மூடப்படும். பழைய அட்டைகளில் பிறந்த ஆண்டு இருப்பதில்லை. ‘வயது 52’ என்று மட்டும் இருக்கும். முதல் வருகைத் தேதியிலிருந்து அதைக் கழித்து ஆண்டை எழுதிக்கொண்ட பிறகே ஒப்பிடத் தொடங்க வேண்டும்.

அளவுகோல்கள்

ஐந்து கேள்விகள் போதும். பெயர் எடுக்கப்பட்டவர் திடீரென்று வந்து நின்றால் அவருக்கு என்ன கேடு விளையும்? மிஞ்சும் பட்டியல் வேலைக்கு உதவுமா. அதாவது நம்மிடம் தொடர்ந்து வரும் சுகர் நோயாளிகள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேருக்குக் கண் பரிசோதனை ஆகியிருக்கிறது என்று கேட்டால் நம்பத்தக்க விடை கிடைக்குமா? ஊழியரின் நேரமும் பணமும் எவ்வளவு செலவாகும்? சட்டத்துக்கும் நோயாளியின் அந்தரங்கத்துக்கும் பொருந்துமா? தவறு நேர்ந்தால் திருப்பிக்கொள்ள முடியுமா? ஐந்தும் சம எடை உடையவை அல்ல என்பது என் கருத்து. முதலாவதும் கடைசியும் மற்ற மூன்றையும்விடக் கனமானவை.

சட்டத்தைப் பொறுத்தவரை அறிய வேண்டியது இவ்வளவுதான். இந்திய மருத்துவக் கழகத்தின் 2002ஆம் ஆண்டு நெறிமுறை விதிகள், உள்நோயாளிகளின் ஏடுகளைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டுகள் வைத்திருக்கச் சொல்கின்றன. நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஏட்டைத் தர வேண்டும் என்றும் சொல்கின்றன. புறநோயாளி அட்டைக்கு அந்த விதியில் ஆண்டுக்கணக்கு கிடையாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படிப் புகார் செய்யும் காலம் 2 ஆண்டுகள். தக்க காரணம் இருந்தால் தாமதத்தை ஆணையம் மன்னிக்கலாம். 2023ஆம் ஆண்டின் எண்ணிமத் (டிஜிட்டல்) தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், எந்த நோக்கத்துக்காகத் தரவு பெறப்பட்டதோ அந்த நோக்கம் முடிந்த பின், வேறு சட்டம் வைத்திருக்கச் சொல்லாத நிலையில், அதை அழிக்க வேண்டும் என்கிறது. காகிதமாக இருக்கும்வரை அட்டைக்கு அச்சட்டம் பொருந்தாது. அதை ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றிய கணமே அதன் வரம்புக்குள் வந்துவிடும்; ஆனால் சட்டத்தின் கடமைகள் படிப்படியாகவே நடைமுறைக்கு வருகின்றன. இந்த ஒரு செய்தி, பின்னால் வரும் ஒப்பீட்டில் பல இடங்களில் தலைகாட்டும்.

முதல் வழி: அப்படியே விட்டுவிடுதல்

பெரும்பாலான கிளினிக்குகள் இன்றுவரை செய்துவருவது இதுதான். இதன் நன்மையைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. எண்பதாம் ஆண்டுச் சாந்திக்காகச் சென்னையிலிருந்து வந்திருக்கும் ஒரு பெரியவர், விருந்து முடிந்த மாலையில் நெஞ்சை அழுத்துகிறது என்று வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். எடுத்த இசிஜியில், இதயத்தின் மின்னோட்டத்தில் இடப்பக்கக் கடத்தல் தடை தெரிகிறது. புதிதாக வந்ததா, பழையதா என்பதைப் பொறுத்து மருத்துவர் எடுக்கும் வேகம் மாறும். பத்தாண்டுக்கு முந்தைய அட்டையில் ஒட்டியிருக்கும் இசிஜித் துண்டு அந்தக் கேள்விக்கு ஒரு நிமிடத்தில் விடை சொல்லிவிடும். பென்சிலின் ஆகாது என்று சிவப்பு மையில் எழுதிய ஒரு வரியும் அப்படித்தான்.

மறைந்திருக்கும் செலவுகள் பிறகுதான் தெரியும். எல்லா அட்டைகளையும் ஸ்கேன் செய்வதற்கு ஆகும் கூலி முதலாவது. அடுத்து, வராதவர்களின் பெயர்களும் சேர்ந்திருப்பதால் எந்தக் கணக்கும் சரியாக வராது. கண் பரிசோதனைக்குப் போகாத சுகர் நோயாளிகள் என்று கணினி தரும் பட்டியலில் பாதிப் பேர் ஊரிலேயே இருக்க மாட்டார்கள். நினைவூட்டும் குறுஞ்செய்தி தானாகப் போகும்படி அமைத்துவிட்டால், துக்க வீட்டுக்கு ‘அடுத்த பரிசோதனைக்கு வரவும்’ என்று செய்தி போகும். மேலே சொன்ன தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் பொறுப்பு வேறு. வைத்திருக்கும் ஒவ்வொரு பெயருக்கும் காவல் நிற்க வேண்டும்.

ஒரே மருத்துவர், ஒரே ஊர், காகித அட்டை, கணினிக்கு மாறும் எண்ணமே இல்லை என்ற கிளினிக்குக்கு இதுவே சரியான வழி. அலமாரிக்கு இடமும் கரையான் மருந்தும் இருந்தால் போதும்.

இரண்டாம் வழி: காலக்கெடு வைத்து நீக்குதல்

நியூசிலாந்தில் இந்த முறைக்கு அருகில் உள்ள ஒன்று நடைமுறையில் இருக்கிறது: பதிவு செய்துகொண்டவர் 3 ஆண்டுகள் மருத்துவமனையோடு எவ்விதத் தொடர்பும் இல்லாமலும் பதிவை உறுதிசெய்யாமலும் இருந்தால் பதிவு காலாவதியாகிறது. ஊழியருக்கு இதைவிட எளிய வேலை இல்லை. தேதியை வைத்து வடிகட்டினால் முடிந்தது.

ஆனால் ‘கடைசியாக வந்த தேதி’ செட்டிநாட்டில் எதையும் சொல்வதில்லை. தைப் பொங்கலுக்கும் செவ்வாய்ப் பொங்கலுக்கும் முன்னோருக்கான படைப்புக்கும் வருகிறவர்கள் உண்டு. அறுபதாம் கல்யாணம், பங்காளி வீட்டுத் திருமணம் என்று ஐந்தாறு ஆண்டுக்கு ஒருமுறை ஊர்ப்பக்கம் வருகிறவர்களும் உண்டு. சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போய் ஒப்பந்தம் முடிந்து திரும்புகிறவர்கள் சமூக வேறுபாடின்றி எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள். நோயில்லாமல் நன்றாக இருப்பதால் வராதவரும், நோய் முற்றிப் படுக்கையில் இருப்பதால் வர முடியாதவரும் ஒரே தேதியின் கீழ் ஒரே வரிசையில் நிற்பார்கள் என்பது இந்த வழியின் அடிப்படைக் குறை. இவர்களில் இரண்டாமவரைத்தான் மருத்துவர் தேடிப் போக வேண்டும். காலக்கெடு அவரைத்தான் முதலில் வெளியே தள்ளும்.

இருந்தாலும் இதற்குப் பொருத்தமான இடங்கள் உண்டு. பிள்ளையார்பட்டிக்கோ குன்றக்குடிக்கோ வந்த வெளியூர்ப் பக்தர், வாந்தி பேதிக்கு ஒரு நாள் பார்த்துவிட்டுப் போயிருப்பார். அவர் பெயர் குடும்ப மருத்துவரின் பட்டியலில் இருக்க வேண்டியதே இல்லை. அழகப்பா பல்கலைக்கழகத்தின் விடுதி மாணவர்கள் படிப்பு முடிந்ததும் போய்விடுவார்கள். அவர்களுக்குப் படிப்பு முடியும் ஆண்டையே கெடுவாக எழுதிவைத்துவிடலாம். காய்ச்சலும் சளியும் தவிர வேறெதுவும் இல்லாத அட்டைகளுக்கும் கெடு பொருந்தும். சிறுவர் அட்டைகளில் மட்டும் கொஞ்சம் நிதானம் வேண்டும்: 18 வயது கடந்து மேலும் 3 ஆண்டுகள் ஆகும்வரை அழிக்காமல் இருப்பது பாதுகாப்பு.

மூன்றாம் வழி: கேட்டுவிட்டு நீக்குதல்

இங்கிலாந்தின் முறை இதுவே. நோயாளிக்கு அனுப்பிய கடிதம் திரும்பி வந்தாலோ, தொடர்ந்து எழுதியும் பதில் இல்லாவிட்டாலோ அவர் பெயர்மேல் ஒரு குறி விழுகிறது. மருத்துவமனைக்கு 6 மாத அவகாசம். அதற்குள் ‘இவர் எங்களிடம்தான் இருக்கிறார்’ என்று மருத்துவமனை உறுதிசெய்யாவிட்டால் பெயர் தானாக நீங்கும். நாட்டை விட்டு 3 மாதத்துக்கு மேல் போகிறவரின் பெயரும் விதிப்படி எடுக்கப்பட வேண்டும். (இலண்டனில் வேலை பார்த்துவிட்டு ஊரோடு திரும்பிய பிள்ளைகள் சிலர், ‘அங்கே ஒரு மருத்துவர் இருக்கட்டும்’ என்று நண்பர் முகவரியில் பெயரை விட்டுவைக்கிறார்கள். பின்னால் மீண்டும் போனால் புதிதாகப் பதிந்துகொள்ளலாம், ஏடும் வந்துசேரும் என்பதால் அதில் ஆதாயம் ஒன்றுமில்லை.)

நியாயமான முறைதான். அங்கும் குறை சொல்லப்படுகிறது. முகவரி அடிக்கடி மாறும் ஏழைகள், கடிதத்தைப் படித்துப் பதில் எழுத இயலாத முதியவர்கள், ஆங்கிலம் பழகாத குடியேறிகள் ஆகியோர்தான் பதில் எழுதாதவர்களாக முதலில் நீக்கப்படுகிறார்கள். கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கான அழைப்பு அங்கே இந்தப் பட்டியலை வைத்தே அனுப்பப்படுவதால், தவறாக நீக்கப்பட்ட பெண்ணுக்கு அந்த அழைப்பும் நின்றுபோகிறது.

செட்டிநாட்டில் இம்முறை வேறொரு காரணத்தால் தடுமாறும். இங்கே கடிதம் திரும்பி வராது. ஒரு கதவு எண்ணுக்குள் பல பங்காளிகளின் பங்கு இருக்கும். ஆண்டில் பதினொரு மாதம் பூட்டிக் கிடக்கும் அந்த வீட்டைப் பார்த்துக்கொள்கிற ஒருவர், வருகிற தபால்களை எல்லாம் வாங்கி முகப்பில் ஓரிடத்தில் அடுக்கிவைத்துவிடுவார். அஞ்சல்காரரின் கணக்கில் கடிதம் சேர்ந்துவிட்டது. உரியவர் அதை அடுத்த தையில் பார்ப்பார், அல்லது பார்க்கவே மாட்டார். ஆகவே கடிதம் திரும்பவில்லை என்பதைக் கொண்டு ஆள் இருக்கிறார் என்றும் முடிவு கட்ட முடியாது, பதில் இல்லை என்பதைக் கொண்டு ஆள் இல்லை என்றும் முடிவு கட்ட முடியாது.

தொலைபேசியிலும் சிக்கல் உண்டு. பழைய அட்டைகளில் இருப்பவை 04565, 04561 என்று தொடங்கும் லேண்ட்லைன் எண்கள். பல எப்போதோ துண்டிக்கப்பட்டுவிட்டன. அப்போது எல்லோருக்கும் தோன்றும் குறுக்குவழி, ஊர் வாட்ஸ்அப் குழுவிலோ பங்காளிகள் குழுவிலோ பெயர்ப் பட்டியலைப் போட்டு ‘இவர்களைத் தெரிந்தவர் சொல்லுங்கள்’ என்று கேட்பது. அதை ஒருபோதும் செய்யக் கூடாது. இன்னார் இந்த மருத்துவரிடம் பார்த்தார் என்பதே நோயாளியின் அந்தரங்கம். பெண் பார்க்கும் பருவத்தில் இருக்கும் வீட்டுக்கு அது எவ்வளவு தொல்லை தரும் என்று இந்த ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

கேட்கும் விதத்திலும் கவனம் வேண்டும். “ஆச்சி நல்லா இருக்காகளா?” என்று தொடங்கினால், ஆச்சி போன ஆண்டே தவறிப்போன வீட்டில் அந்தக் கேள்வி புண்படுத்தும். “உங்க வீட்டு அட்டையெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்திக்கிட்டு இருக்கோம், யார் யாருக்கு வச்சுக்கணும்னு சொல்லுங்க” என்று கேட்டால், இறந்தவரைப் பற்றி அவர்களே சொல்வார்கள். எழுதிக்கொண்டு ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லலாம். செய்தியாக அனுப்புவதானால் நோயின் பெயரோ மருந்தின் பெயரோ இல்லாமல், அட்டையைத் தொடர்ந்து வைத்திருக்க வேண்டுமா, பிரதி வேண்டுமா, எடுத்துவிடலாமா என்ற மூன்று கேள்வியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் உரியவரின் கைபேசி எண்ணை மட்டும் கேட்கலாம். எதற்கு என்று அவரிடம் விவரிக்க வேண்டியதில்லை.

செலவு அதிகம் என்பதை மறைக்க முடியாது. ஒரு வீட்டுக்கு ஓர் அழைப்பு என்று வைத்தாலும், எடுக்காதவரை மறுபடி அழைத்து, எண் மாறியவரைத் தேடிக் கண்டுபிடித்து, பதிலை எழுதிவைப்பதற்குத் தனியாக ஒருவர் சில மாதங்கள் வேண்டும். சுகர், பிபி, இதயநோய், வலிப்பு, மனநோய், இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர் ஆகியோருக்கு மட்டும் இந்த உழைப்பைச் செலவிட்டால் அது முழுக்கப் பயன் தரும். எல்லோருக்கும் என்றால் பாதியில் நின்றுவிடும்.

அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு மட்டும் இந்த வழியே முதன்மையானது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிபி, சுகர் மருந்து வீட்டுக்கே போகிறது. வீடு மாறியவரின் பெயர் பழைய இடத்தில் தங்கினால் மருந்துக் கணக்கும் தவறும், புதிய இடத்தில் அவருக்கு மருந்து கிடைப்பதும் தாமதப்படும். வீடு வீடாகப் போகும் பணியாளர்கள் இருப்பதால் கேட்பதும் அவர்களுக்கு எளிது.

நான்காம் வழி: தனிப் பட்டியலுக்கு மாற்றுதல்

பெயரை அழிக்காமல், நடப்புப் பட்டியலிலிருந்து மட்டும் நகர்த்திவைப்பது இது. 2017இல் தொடங்கப்பட்ட இந்திய உயர் இரத்த அழுத்தக் கட்டுப்பாட்டு முயற்சியில் இதை ஒத்த முறை உண்டு: 12 மாதம் வராதவரைத் தொடர்பு அற்றவர் என்று தனியே கணக்கிட்டு, அழுத்தம் கட்டுக்குள் உள்ளவர் விகிதத்தை மற்றவர்களை வைத்துப் பார்க்கிறார்கள். ஆளின் பதிவு போவதில்லை. திரும்பி வந்தால் மீண்டும் கணக்கில் சேர்ந்துகொள்வார்.

கிளினிக்கில் இதற்கு வேண்டியவை கொஞ்சம்தான். மென்பொருளில் ‘நிலை’ என்று ஒரு கட்டம். அதில் நடப்பு, தனி, இறப்பு என்ற மூன்றில் ஒன்று. மாற்றிய தேதி, காரணம், மாற்றியவர் பெயர். தனிப் பட்டியலில் உள்ளவருக்குத் தானியங்கிக் குறுஞ்செய்தி போகாது, எண்ணிக்கையிலும் சேர மாட்டார். பெயரைத் தட்டினால் கிடைப்பார். காகித அட்டைகளை வைத்திருப்போர் அலமாரியின் கீழ்த்தட்டை இதற்கு ஒதுக்கி, ஒவ்வாமை, பெரிய நோய், அறுவைச் சிகிச்சை, பழைய இசிஜி ஆகியவற்றை மட்டும் ஸ்கேன் செய்துகொண்டால், முழு அட்டையையும் ஏற்றும் கூலியும் மிச்சம், சட்டப் பொறுப்பும் குறைவு.

இதிலும் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது; என் பார்வையில் நான்கு வழிகளிலும் இதுவே அதிகம் கவனிக்கப்படாதது. ஆறு ஆண்டு கழித்து வந்தவரின் அட்டை உடனே கிடைத்துவிடுவதால், அதில் உள்ள மருந்துகளை இன்றைய மருந்துகளாக எடுத்துக்கொள்ளத் தோன்றும். இடையில் அவருக்குச் சென்னையில் இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்திருக்கலாம், சிறுநீரகம் தளர்ந்து சுகர் மாத்திரையான மெட்ஃபார்மினை நிறுத்தியிருக்கலாம். தனிப் பட்டியலிலிருந்து திரும்பும் ஒவ்வொருவரிடமும் இப்போது சாப்பிடும் மாத்திரைகளை வாங்கிப் பார்த்து, புதிய தேதியிட்டு எழுதிய பிறகே பழைய அட்டை நடப்புக்கு வர வேண்டும். பழையபடியே மாத்திரை எழுதித் தருவதற்கு அதுவரை தடை.

ஆண்டுக்கு ஒருமுறை மறுபார்வை இல்லாவிட்டால் தனிப் பட்டியல் இரண்டாவது குப்பை அலமாரியாகிவிடும். மார்கழியில் பட்டியலை அச்செடுத்து, ஊர் நிறைந்திருக்கும் தையில் வருகிறவர்களிடம் மேசையிலேயே கேட்டு, மாசியில் திருத்தி முடிப்பது இந்தப் பக்கத்துக்குப் பொருந்தும் கால அட்டவணை. தையில் கூட்டம் அதிகம் என்பது உண்மைதான். ஆனால் கேட்க வேண்டியவர்கள் அப்போதுதான் கிடைப்பார்கள்.

அட்டவணையில்

| அளவுகோல் | அப்படியே விடுதல் | காலக்கெடு | கேட்டு நீக்குதல் | தனிப் பட்டியல் |
|---|---|---|---|---|
| திரும்பி வருபவருக்குக் கேடு | மிகக் குறைவு | அதிகம் | குறைவு. பதில் இல்லாதோருக்கு உண்டு | குறைவு. பழைய மருந்துக் குறிப்பில் எச்சரிக்கை தேவை |
| பட்டியலின் நம்பகம் | இல்லை | மேலோட்டமாக உண்டு | நன்று | நன்று |
| நேரமும் பணமும் | ஏற்றும் கூலி அதிகம் | மிகக் குறைவு | மிக அதிகம் | நடுத்தரம். ஆண்டுதோறும் வேலை |
| சட்டமும் அந்தரங்கமும் | தரவு தேங்கும் பொறுப்பு | சிறுவர் அட்டையில் கவனம் | கேட்கும் முறையில் கவனம் | சுருக்கி வைத்தால் நன்று |
| திருப்பிக்கொள்ளுதல் | தேவையில்லை | இயலாது | அட்டையை வைத்திருந்தால் இயலும் | உடனே இயலும் |

யாருக்கு எது

கணினிக்கு மாறும் குடும்ப மருத்துவருக்கு நான் சொல்வது நான்காம் வழி; அதற்குள்ளேயே நாட்பட்ட நோயாளிகளுக்கு மட்டும் மூன்றாம் வழியின் அழைப்பு. பக்தர்கள், மாணவர்கள், ஒரு நாள் காய்ச்சல்காரர்கள் ஆகியோருக்கு இரண்டாம் வழி. மூன்றையும் கலக்கச் சொல்வது தட்டிக் கழிப்பது போலத் தோன்றலாம். ஓர் அலமாரியில் மூன்று வித மனிதர்கள் இருக்கும்போது ஒரே விதியைத் திணிப்பதுதான் கடினம். ‘எத்தனை ஆண்டு வரவில்லை’ என்று கேட்பதை விட்டுவிட்டு, ‘இவரைத் தொடர்புகொள்ள நம்மிடம் வழி இருக்கிறதா, இவர் அட்டையில் பின்னால் உதவக்கூடிய செய்தி இருக்கிறதா’ என்று இரண்டு கேள்வி கேட்டால் பெரும்பாலான அட்டைகள் தாமாகவே பிரிந்துவிடும். தொடர்பும் இல்லை, செய்தியும் இல்லை என்றால் எடுத்துவிடலாம், தயக்கம் வேண்டாம்.

பலமருத்துவர் பணிபுரியும் நடுத்தர மருத்துவமனைகள் முதல் வழியில் தங்க முடியாது. அங்கே மருத்துவருக்கு நோயாளியின் முகம் தெரியாது; பட்டியல் மட்டுமே நினைவு.

கிளினிக்கையே மூடும்போது

பிள்ளைகள் வெளிநாட்டில் மருத்துவராகிவிட்ட நிலையில், எழுபதைக் கடந்த குடும்ப மருத்துவர்கள் பலர் கிளினிக்கை மூடும் முடிவில் இருக்கிறார்கள். அவர்களுக்கு எல்லாப் பெயர்களும் ஒரே நாளில் நீங்கும் பெயர்கள். அவசரப்பட்டு அட்டைகளை எரித்துவிடவும் கூடாது. வேறொரு மருத்துவரிடம் நோயாளிகளைக் கேட்காமல் மொத்தமாக ஒப்படைத்துவிடவும் கூடாது.

மூடும் தேதியைக் கதவிலும் உள்ளூர் நாளிதழிலும் முன்கூட்டியே அறிவித்து, அந்த இடைவெளிக்குள் ஒரு தை மாதம் முழுவதும் அடங்கும்படி வைத்துக்கொள்வது நல்லது. வெளியூரில் இருப்பவர்கள் வந்து தங்கள் அட்டையைக் கையோடு வாங்கிப் போக அதுவே வாய்ப்பு. கொடுக்கும் ஒவ்வோர் அட்டைக்கும் பெயர், தேதி, பெற்றவர் கையெழுத்து, உறவுமுறை என்று ஒரு பதிவுப் புத்தகம் வேண்டும். பங்காளி வந்து கேட்டால் உரியவரிடம் கைபேசியில் ஒப்புதல் பெற்று அதையும் குறித்துக்கொண்டுதான் கொடுக்க வேண்டும். மிஞ்சியவற்றில் நாட்பட்ட நோயாளிகளின் அட்டைகளைக் குறைந்தது 3 ஆண்டுகளும், சிறுவர் அட்டைகளை மேலே சொன்ன காலம் வரையும் பூட்டிவைத்து, சாவி யாரிடம், எந்த எண்ணில் கேட்கலாம் என்று கதவில் ஒட்டும் அறிவிப்பிலேயே எழுதிவிட வேண்டும்.